கடற்கரைச் சாலையில் ஒரு விடுதி: சகோதரி சுப்புலட்சுமியை எப்படி நினைவுகூர்வது?

சென்னைக் கடற்கரைச் சாலையில், "விவேகானந்தர் இல்லம்" என்று நடத்துனர் குரல் கொடுக்கும் நிறுத்தத்தில் இறங்கினால், கடலைப் பார்த்தபடி முன்பக்கம் அரைவட்டமாக வளைந்து நிற்கும் கட்டடம் கண்ணில் படும். வயதானவர்களுக்கு அது இன்றும் ஐஸ் ஹவுஸ்தான்; அந்த வட்டாரத்துக் காவல் நிலையத்துக்கும் அதே பெயர். அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி, பாதி உலகம் சுற்றிக் கொண்டுவந்து விற்ற ஃபிரெடரிக் டூடரின் கிடங்கு அது. உள்ளூரிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் கரைந்துபோனது. வக்கீல் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளின் பெயர்தான் கட்டடத்துக்கு நிலைத்திருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அதே சுவர்களுக்குள் பின்னாளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, 1941 வரை, இளம் விதவைகள் தங்கிப் படித்தார்கள். படித்து ஆசிரியைகளாக வெளியே போனார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர் ஆர். எஸ். சுப்புலட்சுமி. ஊர் அவரைச் சிஸ்டர் சுப்புலட்சுமி என்றது. இன்று கேட்பவர் கன்னியாஸ்திரி என்று நினைத்துவிடக் கூடும். அவர் மயிலாப்பூரில் 1886 ஆகஸ்ட் 18-இல் பிறந்த பிராமணப் பெண். சிறுமியாக இருக்கும்போதே விதவையானவர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் நினைவுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். பதினோரு பேர் பேசினார்கள். ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார்கள், ஆலமரம் என்றார்கள், ஏணி, தோணி, மெழுகுவத்தி எல்லாம் வந்து போயின. அந்த அம்மையார் ஒரு திங்கட்கிழமை காலை பள்ளிக்கு வந்து என்ன செய்வார், எதை மறுப்பார், எதற்கு விட்டுக்கொடுப்பார், எதில் தோற்றார் என்று ஒருவரும் சொல்லவில்லை. வீடு திரும்பும்போது பஸ்ஸில் எனக்குத் தோன்றியது இதுதான்: ஆசிரியர் ஒருவருக்கு மரியாதை செய்ய வேண்டுமானால், டாக்டர்கள் ஒரு நோயாளியின் கோப்பைப் பிரித்துப் பார்ப்பதுபோல அவரது முடிவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சுப்புலட்சுமியின் வாழ்க்கையை அப்படி ஒரு நிகழ்வு ஆய்வாக எழுதிப் பார்க்கிறேன்.

நிலைமை

பதினோரு வயதை ஒட்டி அவருக்குக் கல்யாணம் ஆனது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்துப் பிராமண வீடுகளில் இதன் பொருள் என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் இதற்குப் பதிலாக வந்தது.

தாலி கட்டியதும் தெரியாமல், கழற்றியதும் புரியாமல் நிற்கும் குழந்தைக்கு முதலில் போவது பூவும் பொட்டும் வளையலும். பெரியவளான பிறகு கொல்லைப்புறத்துக்கு நாவிதர் வருவார். தலை மழித்த பிறகு முக்காடு. சாயமும் கரையும் இல்லாத நார்மடி. பகலில் ஒருவேளைச் சாப்பாடு, இரவில் சோறு கிடையாது, ஏதாவது பலகாரம். ஏகாதசி என்றால் அதுவும் இல்லை. வீட்டில் ஒரு விசேஷம் என்றால் சமையல் முழுக்க அவள் தலையில் விழும். ஆனால் முகூர்த்த நேரத்தில் கூடத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது. வெளியே கிளம்பும் ஆண் எதிரே அவளைப் பார்த்துவிட்டால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவான். இத்தனைக்கும் விதவை மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. சட்டம் கெஜட்டில் இருந்தது, நாவிதர் கொல்லையில் இருந்தார்.

சுப்புலட்சுமியின் பெற்றோர் மகளின் தலையை மழிக்க விடவில்லை. அரசு உத்தியோகத்தில் இருந்த தந்தை சுப்ரமணிய ஐயர் அவரைப் படிக்க வைத்தார். ஒன்பது வயதிலேயே நாலாம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கல்பட்டு மாவட்டத்தில் முதலாவதாக வந்த பெண். வீட்டில் சித்தி ஒருவரும் இளம் விதவை. ஒரே கூரையின் கீழ் இரண்டு விதவைகள்: ஒருத்தி கையில் புத்தகம், இன்னொருத்தி கையில் கரண்டி. அந்தச் சித்திதான் பின்னாளில் விடுதிப் பெண்களைக் கவனித்துக்கொண்டவர். வரலாறு எழுதுகிறவர்கள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நானும் அதையே செய்கிறேன். ஆனால் விடுதி என்பது பாதி சமையலறைதான் என்பது விடுதி நடத்தியவர்களுக்குத் தெரியும்.

1911-இல் சுப்புலட்சுமி மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர். கல்லூரி இருப்பதும் அதே கடற்கரைச் சாலையில்தான். அவரது பொதுவாழ்க்கையின் பெரும்பகுதியை அந்தச் சாலையில் ஒரு நடையில் பார்த்துவிடலாம்: படித்த இடம், விடுதி, அவர் தலைமையேற்ற ஆசிரியப் பயிற்சி நிறுவனம், விடுதிப் பெண்களுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்த ராணி மேரி கல்லூரி. எல்லாம் கடலைப் பார்த்தே நிற்கின்றன.

இரண்டு தட்டுப்பாடுகள்

அப்போது பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்கவில்லை. ஆண் வாத்தியார் என்றால் பெண்ணைப் பெற்றவர்கள் பத்து வயதுக்கு மேல் பள்ளிக்கு அனுப்புவதில்லை. ஆசிரியைகளாக இருந்தவர்களில் பெரும்பாலோர் மிஷன் பள்ளிகளில் பயின்ற கிறிஸ்தவப் பெண்கள். மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயம் இந்துக் குடும்பங்களுக்கு. கல்யாணமான இந்துப் பெண் வேலைக்கு வரமாட்டாள், கல்யாணமாகாத வயதுவந்த பெண் என்று அந்தச் சமூகத்தில் எவரும் இல்லை. மீதி இருப்பது யார்? குடும்பப் பொறுப்பு இல்லாதவள், வீட்டுக்குப் பாரம் என்று கருதப்பட்டவள், ஆயுள் முழுக்க வேலை செய்யக்கூடியவள்.

மாகாணத்தில் பெண்கள் பள்ளி ஆய்வாளராக இருந்த அயர்லாந்துப் பெண்மணி கிறிஸ்டினா லிஞ்சுக்கு ஆசிரியைத் தட்டுப்பாடு கவலை. சுப்புலட்சுமிக்கு விதவைகள் கவலை. இருவரும் சந்தித்தபோது ஒருவரின் பிரச்சினையே மற்றவரின் விடையாக இருந்தது. இந்தக் கணக்கு ஒன்றும் கமுக்கமானதில்லை, பலருக்கும் தெரிந்திருக்கும். மராட்டியத்தில் கார்வே 1896-லேயே விதவைகளுக்காக ஒரு இல்லம் தொடங்கிவிட்டார். சென்னையில் குறையாக இருந்தது, பெற்றவர்கள் நம்பி மகளை ஒப்படைக்கக்கூடிய ஓர் ஆள். பட்டம் பெற்றவள், தானும் விதவை, ஆசாரக் குடும்பத்துப் பெண், வெள்ளைப் புடவை. இவள் வீட்டில் விட்டால் பெண் கெட்டுப்போகமாட்டாள் என்று கும்பகோணத்து அப்பா ஒருவர் நினைக்க முடியும். அந்த நம்பிக்கையை அரசாங்கப் பணத்தால் வாங்க முடியாது.

1912-இல் சாரதா மகளிர் சங்கம் தொடங்கியது. அதை ஒட்டி எழும்பூரில் தன் குடும்ப வீட்டிலேயே நான்கு இளம் விதவைகளை வைத்துக்கொண்டு பாடம் ஆரம்பித்தார். நான்கு பேர்தான். அரசின் ஆதரவு கிடைத்ததும் எண்ணிக்கை கூடியது, வீடு போதவில்லை, இடம் மாறினார்கள், கடைசியில் ஐஸ் ஹவுஸ் வந்தது. வீடுகளில் விதவைக்கு ஒதுக்கிய இடம் பின்கட்டு. இங்கே ஊருக்கே முன்வாசலான கடற்கரையில் அவர்களுக்கு ஒரு மாளிகை. 1914-இல் அதே சாலையில் ராணி மேரி கல்லூரி தொடங்கப்பட்டது. சென்னையின் முதல் மகளிர் கல்லூரி அது. விடுதியில் பள்ளிப்படிப்பு முடித்த பெண்ணுக்கு, நடக்கும் தூரத்தில், ஆண்கள் இல்லாத ஒரு கல்லூரி. இது தற்செயலாக அமைந்ததா, திட்டமிட்டதா என்று பார்ப்பதைவிட, அமைந்ததை அவர் எவ்வளவு வேகமாகப் பயன்படுத்திக்கொண்டார் என்பதையே நான் கவனிக்கிறேன்.

அவர் வகுத்த கோடுகள்

ஆய்வின் உள்ளீடு இங்கேதான் இருக்கிறது. புகழுரைகள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போய்விடும்.

விடுதி பிராமண விதவைகளுக்கானது. உள்ளே ஆசாரம் இருந்தது. விரதமும் பூசையும், மடி என்னும் தீட்டுப் படாத ஆசாரச் சுத்தமும் இருந்தன. மறுமணத்தை விடுதியின் கொள்கையாக அவர் அறிவிக்கவில்லை. ஆந்திரத்தில் வீரேசலிங்கம் விதவைகளுக்கு மறுமணம் செய்துவைத்துச் சாதி விலக்கம் வரை போனவர். அவரைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தால் இவர் மிதவாதியாக, ஏன், கோழையாகக்கூடத் தெரியலாம்.

எனக்கு அப்படித் தெரியவில்லை. பண்டித ரமாபாய் என்ன ஆனார் என்பதை வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ரமாபாய் 1889-இல் பம்பாயில் சாரதா சதன் தொடங்கினார். பின்னர் அது பூனாவுக்கு மாறியது. சமஸ்கிருதப் பாண்டித்தியத்தில் அவருக்கு நிகர் யாரும் இல்லை, ஆனால் கிறிஸ்தவராகிவிட்டிருந்தார். விடுதிப் பெண்கள் அவரது பிரார்த்தனையில் கலந்துகொள்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும், 1893-இல் ஆலோசனைக் குழுவிலிருந்த இந்துப் பெரியவர்கள் விலகினார்கள், பெற்றோர்கள் பெண்களைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். தண்டனை யாருக்கு? ரமாபாய்க்கு இல்லை, அவர் வேறு இடத்தில் இன்னும் பெரிதாகக் கட்டினார். திரும்ப அழைத்துப் போகப்பட்ட பெண்களுக்கு.

விதவை விடுதியை நடத்துகிறவருக்கு உண்மையான ஆபத்து பத்திரிகைக் கண்டனம் அல்ல, வாசலில் வந்து நிற்கும் மாட்டுவண்டி. "என் பெண்ணை அழைத்துக்கொண்டு போக வந்திருக்கிறேன்" என்று ஓர் அண்ணன் வந்து நின்றால் எந்தச் சட்டமும் தடுக்காது. அந்த வண்டி வராமல் பார்த்துக்கொள்வதுதான் சுப்புலட்சுமியின் முதல் வேலை. மடியும் விரதமும் அவருக்குச் சொந்த நம்பிக்கையாகவும் இருந்தன, வண்டியைத் தடுக்கும் வேலியாகவும் இருந்தன. இரண்டில் எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பெண் நான்கைந்து ஆண்டுகள் உள்ளே தங்கிவிட்டால் போதும். வெளியே போகும்போது அவள் கையில் சான்றிதழும் மாதச் சம்பளமும் இருக்கும். அதன்பின் தலைமயிரை வளர்ப்பதா வேண்டாமா, கல்யாணம் செய்வதா வேண்டாமா என்பதெல்லாம் அவள் முடிவு செய்துகொள்ளலாம். வீரேசலிங்கம் விதவைக்குக் கணவனைத் தேடினார், இவர் வேலையைத் தேடினார்.

விலை

பொதுப்பணம் செலவாகும் விடுதியில் ஒரு சாதிக்கு மட்டும் இடம். இந்த வாக்கியத்தை எப்படி எழுதினாலும் அழகாக்க முடியாது.

அதற்கு அன்று சொல்லக்கூடிய சமாதானம் எல்லோருக்கும் தெரிந்ததே: குழந்தை மணமும் கட்டாய விதவைக் கோலமும் அந்தச் சாதியில்தான் கடுமை, மற்றவர்களைச் சேர்த்தால் பிராமணப் பெற்றோர் அனுப்பமாட்டார்கள். இரண்டும் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் இதே தர்க்கம் இன்னொரு பக்கம் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். மற்றச் சாதிப் பெண்களின் தேவை வேறு விதமானது என்று ஒத்திவைக்கப்பட்டது. பிராமணரல்லாதார் இயக்கம் வலுத்து, 1920-இல் நீதிக்கட்சி ஆட்சிக்கும் வந்துவிட்ட மாகாணம் இது. அரசாங்க வேலையிலும் கல்லூரியிலும் யாருக்கு எத்தனை இடம் என்பதே பெரிய கேள்வியாக இருந்த ஊரில், படித்த பெண்களின் முதல் வரிசையில் பிராமணப் பெண்களே அதிகம் நிற்பதற்கு இப்படிப்பட்ட ஏற்பாடுகளும் ஒரு காரணம்.

சுப்புலட்சுமியைவிடப் பத்தொன்பது நாள் மூத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886 ஜூலை 30-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் போராடிய காலத்தில், அந்தக் குலத்துப் பெண்கள் சிலர் அடைக்கலம் கேட்டு அவரிடம் வந்தார்கள். இருந்த விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930-இல் அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. ஒரே ஊர், ஒரே வயது, பெண்களுக்காகவே உழைத்த இருவர். ஒருவர் வகுத்த கோட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கு இன்னொருவர் கதவு திறக்க வேண்டியிருந்தது. இதில் ஒருவரை ஏற்றி ஒருவரை இறக்கும் பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. சுப்புலட்சுமிக்கு நினைவுக் கூட்டம் நடத்தினால் இதையும் மேடையில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கோடு கிழித்தவரே அதைத் தாண்டிப் போனதையும் சொல்ல வேண்டும். ஐஸ் ஹவுஸை ஒட்டி மீனவர் குப்பம். வலை காயும் மணல், கருவாட்டு வாடை. அந்தக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு அவர் பள்ளி நடத்தினார். மடி பார்க்கும் விடுதியிலிருந்து கிளம்பி மீனவப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கப் போவது அந்த நாளில் சின்ன விஷயம் இல்லை. திரும்பி வந்ததும் குளித்தார்களா, சும்மா உள்ளே நுழைந்தார்களா என்பதை அறிய எனக்கு ஆசை. விடுதிக்குள் வராத சாதிகளைத் தேடி விடுதி வெளியே போனது. முழுப் பதில் இல்லை. ஆனாலும் ஒரு பதில்.

பயிற்சிக் கல்லூரி

விடுதியைச் சொல்லிவிட்டுப் பயிற்சிக் கல்லூரியை ஒரு பின்குறிப்பாக ஆக்குவது வழக்கம். தொழில் முறையில் பார்த்தால் அவருடைய பெரிய வேலை அதுதான். 1922-இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு முதல் தலைவர் அவர். கூடவே ஒரு மாதிரிப் பள்ளி. பயிற்சி பெறும் ஆசிரியை காலையில் கற்பித்தல் முறை படிப்பாள். பிறகு அதே வளாகத்தில் நிஜமான பிள்ளைகள் முன் நிற்பாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டால் அவள் படித்த முறையில் எங்கோ பிசகு. ஆசிரியைத் தட்டுப்பாட்டுக்கு நான்கு பேரோடு தொடங்கிய வைத்தியம் பத்தாண்டுகளில் ஒரு தொழிற்சாலையாகிவிட்டது.

நிறுவனத்துக்குப் பெயர் அப்போதைய ஆளுநரின் மனைவியுடையது. சென்னைவாசிகள் அதை லேடி வெலிங்டன் என்று ஆக்கிவிட்டார்கள்; வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாருக்குப் பெருமை சேர்க்கப் பெயர் வைத்தார்களோ அந்த அம்மையாரே நூறு ஆண்டில் உச்சரிப்பில் தொலைந்துவிட்டார் என்றால், பெயர் வைக்காமல் போனவருக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை என்றும் சொல்லலாம்.

அரசு விடுதி சின்ன வயதுப் பெண்களுக்கே பொருந்தியது. முப்பது வயதில் எழுத்துக் கூட்ட விரும்புகிறவள் எங்கே போவாள்? கணவன் கைவிட்டவள்? அவர்களுக்காக 1920-களில் சாரதா சங்கத்தின் சார்பில் சாரதா வித்யாலயா வந்தது. 1938-இல் அதை இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்தார். தியாகராய நகரில் அது இன்றும் நடக்கிறது. 1942-இல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம், அதுவும் வயதுவந்த பெண்களுக்கு. 1954-இல் தாம்பரம் பக்கத்து மாடம்பாக்கத்தில் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சேவை மையம். 1956-இல் மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் மூலம் வித்யா மந்திர் பள்ளி. அப்போது அவருக்கு எழுபது வயது.

வரிசையைத் திரும்பப் படித்தால் ஒரு பழக்கம் தெரியும். ஒன்றைத் தொடங்குவார், அது காலூன்றியதும் தன்னைவிட ஆயுள் நீண்ட ஓர் அமைப்பிடம், அரசிடமோ மிஷனிடமோ மன்றத்திடமோ, கொடுத்துவிட்டு அந்த அமைப்பால் தொட முடியாத பெண்ணைத் தேடி அடுத்த இடத்துக்குப் போவார். நம் ஊரில் பள்ளி தொடங்கியவர்கள் பலர், கொடுத்தவர்கள் குறைவு. நிறுவனர், நிறுவனரின் மகன், மருமகன், பிறகு கோர்ட்டு என்று போகும் கதைகள் எல்லா மாவட்டத்திலும் உண்டு. இவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பது விளக்கமாகாது. பிள்ளைகள் இல்லாதவர்களும் டிரஸ்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம்.

அவர் தொடங்கியவற்றின் பலகைகளைப் பாருங்கள்: சாரதா, லேடி வில்லிங்டன், ஸ்ரீவித்யா, வித்யா மந்திர். சுப்புலட்சுமி என்று ஒன்றும் இல்லை.

அரசு ஊழியர்

இன்னொரு விட்டுக்கொடுத்தலும் உண்டு. தேசம் கொந்தளித்த ஆண்டுகளில் அவர் அரசாங்கச் சம்பளத்தில் இருந்தார். 1920-இல் பிரிட்டிஷ் அரசு கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது, வாங்கிக்கொண்டார். காந்தி அதே பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அதே ஆண்டில்தான். சாரதா சங்கத்தில் அவரோடு வேலை செய்த அம்புஜம்மாள் 1932-இல் சிறைக்குப் போனார். சுப்புலட்சுமி போகவில்லை. போயிருந்தால் விடுதி என்ன ஆகியிருக்கும் என்று கேட்கலாம். அதற்கு எளிதான விடை இருக்கிறது என்பதாலேயே அந்த விடையை நான் கொஞ்சம் சந்தேகிக்கிறேன். "நிறுவனத்தைக் காப்பாற்ற வேண்டும்" என்று சொல்லி எத்தனையோ பேர் எத்தனையோ விஷயத்தில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

அவர் வாய் திறந்த இடம் உண்டு. பெண்ணின் திருமண வயதை உயர்த்துவது பற்றி விசாரிக்க ஜோஷி குழு வந்தபோது அதன் முன் சாட்சியம் அளித்தார். 1929-இல் சட்டம் நிறைவேறியது. 1930 ஏப்ரல் 1 முதல் பெண்ணுக்குப் பதினாலு, ஆணுக்குப் பதினெட்டு என்று வயது வரம்பு அமலுக்கு வந்தது. சாரதா சட்டம் என்று அதைச் சொல்வார்கள். மசோதாவைக் கொண்டுவந்த ஹர் பிலாஸ் சார்தாவின் பெயர் தமிழில் அப்படி ஆனது. சாரதா சங்கம், சாரதா வித்யாலயா, சாரதா சட்டம்: மூன்றுக்கும் ஒரே மூலம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு பேராசிரியரை எனக்குத் தெரியும்.

அந்தக் குழுவின் முன் சாட்சி சொல்ல இவரைவிடத் தகுதியானவர் யார்? புள்ளிவிவரத்தைச் சுமந்து வந்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். பதினோரு வயதில் கட்டிய தாலியைச் சொந்தக் கழுத்தில் அறிந்தவர், பிறகு அதே விதியோடு வந்த நூற்றுக்கணக்கான பெண்களுக்குத் தட்டில் சோறு போட்டவர், அவர்.

அவருக்குக் கிடைத்த மரியாதைகள்

1952 முதல் 1956 வரை சென்னை சட்ட மேலவையில் நியமன உறுப்பினர். 1958-இல் பத்மஸ்ரீ. 1966-இல் மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, சென்னையில் தங்கி அவரிடமே கேட்டுக் கேட்டு, வாழ்க்கை வரலாறு எழுதி வெளியிட்டார். தமிழ்ப் பெண் ஒருத்தியின் கதையை முதலில் விரிவாக எழுத ஆங்கிலேயப் பெண் வர வேண்டியிருந்ததே என்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

1968 ஜனவரியில் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் கடற்கரைச் சாலையில் பத்துச் சிலைகள் எழுந்தன. அவற்றில் பெண்கள் இருவர்: ஔவையார், கண்ணகி. ஒருத்தி பாட்டி, ஒருத்தி கைம்பெண். ஔவை ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொன்னவள். கண்ணகி கணவனை இழந்தபின் மூலையில் உட்கார மறுத்தவள். அந்த இரண்டும் சேர்ந்த ஒருத்தி, எண்பத்தொரு வயதில், அதே ஊரில் அப்போது உயிரோடு இருந்தார். சிலை வைக்கவில்லையே என்று நான் புகார் சொல்லவில்லை; காக்கை எச்சமிடும் இன்னொரு தலையால் அவருக்கு ஆவது ஒன்றுமில்லை.

1969 டிசம்பர் 20-இல் அவர் காலமானார். அன்று வைகுண்ட ஏகாதசி. எத்தனை ஏகாதசிகள் எத்தனை சின்னப் பெண்கள் வெறும் வயிற்றோடு படுத்திருப்பார்கள் என்பதை அறிந்த ஒருவருக்கு அந்தத் திதி வாய்த்தது. பக்தர்கள் அதைப் புண்ணியம் என்பார்கள். எனக்கு அந்தப் பெண்களின் வயிறுதான் நினைவுக்கு வருகிறது.

சாயங்காலம் நான்கரை மணிக்கு மேல் விவேகானந்தர் இல்லத்து நிறுத்தத்தில் நின்று பார்த்தால், பக்கத்து வளாகத்திலிருந்து பயிற்சி ஆசிரியர்கள் வெளியே வருவார்கள். சுருட்டிய சார்ட் பேப்பர் கக்கத்தில் இருக்கும். சிலர் கையில் அட்டையில் வெட்டி ஒட்டிய ஏதாவது மாதிரி உருவம், பஸ் நெரிசலில் நசுங்காமல் இருக்க உயரத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். எல்லா ஊரும் எல்லாச் சாதியும் அதில் உண்டு. ஒருமுறை அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணிடம், இந்தக் கல்லூரியின் முதல் தலைவர் யார் என்று கேட்டேன். நாளை எட்டாம் வகுப்புக்குப் பின்னம் எடுக்க வேண்டும் என்ற கவலையில் இருந்தார் அவர். "தெரியலையே சார்" என்று சிரித்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.